அண்ணா, றோட்டுக் கரைக்கு மட்டும் இறக்காதீர்கள்

அண்ணா,

இந்த ஆடிக்கு வடகனடாப் பயணத்துக்கு நான் வரவில்லை. முடிவு எடுத்தாயிற்று. மோட்டர்ஹோம் (வீட்டுவண்டி) சாவி அண்ணியிடம் இருக்கிறது.

டோசன் வரைக்கும் நான் சொல்ல ஒன்றுமில்லை. வடக்கே இனுவிக் ஊருக்குப் போகிற டெம்ப்ஸ்ரர் றோட்டு அதற்கு 40 கிலோமீற்றர் முன்னாலேயே பிரிந்தாலும், டோசனுக்குப் போய் டாங்கியை நிரப்பிக்கொண்டு திரும்புங்கள். அங்கிருந்து, அடுத்து எண்ணெய் அடிக்கிற இடமான ஈகிள் பிளெயின்ஸ் 410 கிலோமீற்றர் அளவில். நம் வண்டி குடிக்கிற குடிக்கு நூறு லீற்றருக்கு மேல் வேண்டும். றிம்மோடு இரண்டு ஸ்பெயார் ரயர் ஏற்றுங்கள். அங்கத்தைய கல் பக்கச்சுவரைக் கிழிக்கும், ஒட்டுப் போட்டுச் சரிவராது.

முன்பு அந்த றோட்டில் போனபோது, மழை விட்ட அந்தப் பின்னேரத்தை இன்னும் மறக்க முடியவில்லை. எதிரே லொறி வந்தது, நீங்கள் மரியாதைக்குக் கரையில் இறக்கினீர்கள், வலப்பக்கச் சில்லுகள் அப்படியே தாழ்ந்தன. அந்த றோட்டு எப்போதும் உறைந்திருக்கிற நிலத்தின் மேல் கொட்டி உயர்த்திய சரளை மேடு. கீழே ஐஸ் உருகக்கூடாது என்றுதான் அத்தனை உயரம். நடுப்பகுதி லொறி ஓடி ஓடி இறுகியிருக்கும்; கரை இறுகுவதேயில்லை, மழை ஊறினால் களிதான். உயரமான வண்டி அதில் சரிந்தால் நிமிர்த்த ஆளில்லை. லொறியைக் கண்டால் றோட்டில் உங்கள் பாதியிலேயே வேகத்தைக் குறைத்து நில்லுங்கள், அவன் பார்த்துப் போவான்.

பிள்ளைகளுக்கு முன்னால் கத்தினேன், மன்னியுங்கள். மெதுவாகச் சொன்னபோது நீங்கள் கேட்டிருந்தால் கத்தியிருக்க மாட்டேன். பிறகு நீங்கள் சொன்னதை இங்கே எழுதவில்லை. மாமி ஆட்களும் வாசிப்பார்கள். குளிருக்கு உங்கள் ஜக்கெற்றைக் கழற்றி எனக்குப் போட்டதும் நீங்கள்தான். ஆனாலும் இந்த வயதிலும் நான் சொன்னால் எடுபடாது, இல்லையா?

பீல் ஆற்றிலும் மக்கென்சி ஆற்றிலும் வண்டி ஏற்றுகிற படகில் ஏறும்போது பின்புறம் தரையில் தட்டும். அண்ணியை இறக்கிப் பார்க்கவிட்டு, ஊர்ந்து ஏற்றுங்கள். புழுதிக்காக வண்டியின் குளிர்சாதனப் பெட்டியின் வெளிக்காற்று வழியை மூடினால், பெட்டியைக் காஸில் போடுமுன் அந்த வழியைக் கட்டாயம் திறக்கவேண்டும். றோட்டுக்குப் போடுகிற கல்சியம் குளோரைட் கலந்த சேறு காய்ந்தால் சீமெந்துதான். இனுவிக்கில் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். ரயரையும் அங்கேயே பாருங்கள். அங்கிருந்து ஆர்க்ரிக் கடற்கரைக்குப் போகிற, 2017இல் திறந்த துக்ரோயாக்ரக் றோட்டு இன்னொரு 138 கிலோமீற்றர், அதுவும் சரளை.

போன் வேலை செய்கிற இடம் வந்ததும் அம்மாவுக்கு எடுங்கள். எனக்கு எடுக்கவேண்டும் என்றில்லை.