ஏற்காத உடன்படிக்கைக்கும் புகார் வழி உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

சங்கம் அமைத்ததற்காக நீக்கப்படும் தொழிலாளர்களிடம், "சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வின் 87, 98-ஆம் உடன்படிக்கைகளை இந்தியா ஏற்கவே இல்லை, அங்கே போய் என்ன பயன்?" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இது தவறான அறிவுரை.

சங்கம் அமைக்கும் உரிமை, கூட்டுப்பேர உரிமை பற்றி 1948, 1949-இல் உருவான அந்த இரண்டையும் இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம் ஏற்றுவிட்டன. அரசு ஊழியர்களுக்கான கட்டுப்பாடுகளைக் காரணம் காட்டி இந்தியா ஒதுங்கி நிற்கிறது. தனியார் ஆலைத் தொழிலாளி ஏன் அதற்காகக் காத்திருக்க வேண்டும்? தேவையில்லை. 1951-இல் ஐ.எல்.ஓ. அமைத்த சங்க உரிமைக் குழு, புகாருக்குள்ளான நாடு உடன்படிக்கையை ஏற்றதா என்று பார்ப்பதில்லை.

தனி ஆள் புகார் அனுப்ப முடியாது. சங்கம்தான் அனுப்ப வேண்டும். பதிவு மறுக்கப்பட்டது என்பதற்காகவே ஒரு சங்கத்தின் புகார் தள்ளப்படாது. எழுத்தில், பொறுப்பாளர் கையொப்பத்துடன் இருக்க வேண்டும். பதிவு விண்ணப்பம், அதற்கான ஒப்புகை, நீக்க உத்தரவு, நிர்வாகம் அனுப்பிய கடிதங்கள் ஆகியவற்றைத் தேதி வரிசைப்படி இணைக்க வேண்டும். கூலி, போனஸ் குறைகளையும் அதில் கலந்தால் புகார் வலுவிழக்கும். சங்க உரிமை மீறல் மட்டுமே அக்குழுவின் வரம்பு.

குழு அரசிடம் விளக்கம் கேட்கும், பரிந்துரை செய்யும். வேலையைத் திரும்ப வாங்கித் தராது. ஆகவே ஜெனீவாவில் உள்ள ஐ.எல்.ஓ.வுக்கு எழுதும் முன்பே தொழிலாளர் துறையின் உள்ளூர் சமரச அலுவலரிடம் மனு கொடுத்து, ஒப்புகை பெற்றுவிடுங்கள். பணிநீக்க வழக்குக்குக் காலக்கெடு உண்டு.

தொழிற்சட்ட ஆலோசகர்,
திருப்பெரும்புதூர்