மாரிக்கு முன்னர்

கொட்டடி,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. படம் மட்டும்தான் வந்தது, ஒரு வரி எழுத்து இல்லை. சரி, வேலைக்கு நடுவில் அனுப்பியிருப்பாய். அம்மா போனை வாங்கிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். கூரையில்லாத தேவாலயம், சன்னல் கல்வேலை முழுக்கக் கொடி, நடுவில் சின்ன நீரூற்று, பக்கத்தில் ஒரு வாங்கு, அதில் உன் சாப்பாட்டுப் பெட்டி. "ஒரு பெட்டிதான் இருக்குது" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

அது எந்த இடம் என்று பெரியம்மாவின் பேரனைக் கொண்டு தேடுவித்தேன். லண்டன் பாலத்துக்கும் டவர் என்கிற பழைய கோட்டைக்கும் நடுவில் இருக்கும் புனித டன்ஸ்டன் தேவாலயமாம். 1666 பெருந்தீயில் சேதப்பட்டு, பிறகு கிறிஸ்டோபர் ரென் என்ற கட்டடக் கலைஞர் கோபுரம் எழுப்பி, 1941இல் ஜெர்மன்காரனின் குண்டில் உடைந்தது. ரென்னின் கோபுரம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அதை நிமிர்ந்து பார்த்தாயா? நான்கு கல் வளைவுகளின் மேல் கூர்முனையைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார். ஓவசியராக இருந்தவன் சொல்கிறேன், அது லேசான வேலை இல்லை. உள்ளேயிருக்கும் பூங்கா 1971இல்தான் திறந்திருக்கிறார்கள்.

அதிலிருந்து இரவில் வேறொன்றும் படிக்க மனம் வரவில்லை. 1940 டிசம்பர் 29 இரவு ஜெர்மன் விமானங்கள் லண்டனில் தீக்குண்டு போட்டதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு ஞாயிறு. சிற்றி என்கிற லண்டனின் பழைய நடுப்பகுதியில் கந்தோர், களஞ்சியம், தேவாலயம் எல்லாம் பூட்டு. தீக்குண்டு ஒன்று ஒரு கிலோ அளவுதான். அது கூரையின் ஈயத் தகட்டைத் துளைத்து, தகட்டுக்கும் உட்கூரைக்கும் நடுவில் போய் விழும். அங்கே இருப்பது முழுக்கக் காய்ந்த பழைய மரம். வெளியில் நிற்பவனுக்குப் புகை தெரியும்போது உள்ளே தீராந்தி எரிந்துகொண்டிருக்கும். தண்ணீர்க் குழாய்கள் உடைந்துவிட்டன, தேம்ஸ் ஆற்றிலும் அந்த நேரம் பார்த்து வற்று. தீயணைப்புக்காரர் என்ன செய்வார்கள்? புனித பிரைட், கிரைஸ்ட் சர்ச், புனித லோரன்ஸ் என்று தேவாலயங்கள் எல்லாம் அந்த ஓர் இரவில் போயின. லோரன்ஸில் பிடித்த தீப்பொறி பறந்து பக்கத்தில் கில்ட்ஹோல் என்கிற நகர மண்டபத்தின் கூரையையும் தின்றது.

புனித பவுல் பேராலயம் எப்படித் தப்பியது? அதன் மேல் ஆள் நின்றது. குவிமாடத்தில் செருகிய குண்டு ஈயத்தை உருக்கிக்கொண்டு வெளிப்பக்கம் விழ, அங்கே நின்றவர்கள் அணைத்தார்கள். ஒரு வாளி மணலும் ஒரு ஆளும் அந்த நேரத்தில் அங்கே இருந்தால் போதும். அந்த இரவுக்குப் பிறகுதான் கட்டடங்களில் தீக்காவல் நிற்பதைச் சட்டமாக்கினார்கள். ஆளில்லாத இடம்தான் முழுதாக எரிந்தது. நீ இரவில் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறாய்? அம்மா எடுக்கும்போதெல்லாம் கந்தோரிலேயே நிற்கிறாய். உழைப்பாளி என்று எனக்குப் பெருமைதான், ஊரிலும் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் வீட்டுக்கு நேரத்துக்குப் போ.

எனக்கு எரிந்த கதையைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிதாகப் படுகிறது. டெம்பிள் தேவாலயத்தில் 1941 மே மாதம் கூரை எரிந்தபோது, சூட்டில் பர்பெக் கல் தூண்கள் வெடித்துப் பிளந்தன. ஆனால் மேலே வளைகூரை நின்றது. முழுவதையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டு என்றுதான் அவசரக்காரன் சொல்வான். அவர்கள் மேலே இருந்ததை இருந்தபடி வைத்துக்கொண்டு கீழே தூண்களை மாற்றினார்கள். நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு தூண் மாற்றவே எத்தனை முட்டுக் கொடுத்தோம் என்று உனக்குத் தெரியும். புனித பிரைட்டைத் திரும்பக் கட்டுவதற்கு முன் தோண்டிப் பார்த்தபோது கீழே ரோமர் காலத்துத் தரை இருந்தது. அது 1957இல் மறுபடி திறந்தது. மேரி லெ போ தேவாலயத்தின் மணிகள் விழுந்து கிடந்து, 1961இல்தான் திரும்ப ஒலித்தன. ஆல்டர்மன்பரி புனித மேரி தேவாலயத்தின் சுவர்களைக் கல்கல்லாகப் பிரித்துக் கப்பலேற்றி அமெரிக்காவில் மிசூரியில் நிறுத்தியிருக்கிறார்கள். சிலதைத் தோட்டமாகவே விட்டார்கள். 1944இல், போர் முடிய முன்னரே, பொருளியலாளர் கெயின்ஸும் கவிஞர் எலியட்டும் இன்னும் சிலரும், இடிந்த சில தேவாலயங்களை இடிந்தபடியே நினைவிடமாக வையுங்கள் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு முடிவு. ஒரு கட்டடத்துக்கும் எரிந்த சூட்டில் முடிவு எடுக்கக் கூடாது, தம்பி. சூடு ஆறட்டும்.

ஆனால் ஆறும்வரை சும்மா விடவும் கூடாது. கூரை போன சுவருக்கு முதல் எதிரி மழை. சுவர்த் தலையால் தண்ணீர் இறங்கிச் சாந்தைக் கரைக்கும், பிறகு ஆலம் விதை வந்து விழும். இடம்பெயர்ந்து போய்ச் சாவகச்சேரியால் திரும்பி வந்த வருஷம் நான் முதலில் செய்தது என்ன? மாரிக்கு முன்னர், கூரை போன எங்கள் வீட்டுச் சுவர்த் தலைகளுக்குக் கிடுகு போட்டேன். சமைக்கச் சட்டி இல்லை, சுவருக்குத் தொப்பியா என்று அம்மா ஏசினாள். கேட்டுப் பார், இப்போது சிரிப்பாள். நீ படித்த அறையின் சுவர் இன்றைக்கும் அந்தச் சுவர்தான்.

யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தர் தேவாலயத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1706இல் கட்டியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறேன். சிலுவை வடிவம், நான்கு கையும் ஒரே அளவு, தரையில் எழுத்து வெட்டிய கல்லறைக் கற்கள். இன்றைக்கு முருகைக்கல் குவியல். உடைந்த கல்லைக் கையில் எடுத்தால் கடலில் இருந்த காலத்துப் பூ வடிவம் அப்படியே தெரிகிறது. சண்டைக்குப் பிறகு மதிலைத் திருத்த நெதர்லாந்தும் காசு கொடுத்தது, தேவாலயம் எழும்பவில்லை. அங்கே அடிபட்டபோது கிட்டப் போக யாருக்கு முடிந்தது? நவாலித் தேவாலயத்தை இதோடு சேர்த்து எழுத மாட்டேன். 1995 ஜூலை 9இல் அங்கே குண்டு போட்டது தஞ்சம் புகுந்திருந்த சனத்தின் மேல். அதைக் கட்டடக் கணக்கில் வைக்க எனக்கு மனம் வராது.

போன முறை நாலு வார்த்தை கதைத்துவிட்டு வைத்தாய். அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்றுதான் நீ சத்தமாகப் பேசினாய் என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. உன்னை நான் தூண்டித் துருவிக் கேட்கப் போவதில்லை. சுவர் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள், நின்றால் மழைக்கு முன்னர் மூடு. மதியம் வெளியில் இருந்து சாப்பிடுவதானால் சட்டை தடிப்பாகப் போடு. அந்த வாங்கு ஈரமாக இருக்கும்.

அப்புறம், இளவாலை மாமா வருகிற மாதம் லண்டன் வருகிறார். தூள் வறுத்து இடித்தாயிற்று. அம்மா இரண்டு பையாகக் கட்டியிருக்கிறாள், உனக்கு உறைப்பாக ஒன்று, பிள்ளைக்கு உறைப்புக் குறைத்து ஒன்று. மாமா பாரம் கூடுகிறது என்கிறார். இரண்டையும் கொடுத்துவிடவா, ஒன்று போதுமா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்.

அன்புடன்,
அப்பா