ஆளுக்கு பத்து சதுரடி: நம்ம பாஸ்கெட்பால் கோர்ட்டுக்காக ஒரு வேண்டுகோள்

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வெளியூர்ல வேலை பாக்குற தம்பி தங்கச்சிகளுக்கும் நம்ம கிளப் கமிட்டி சார்பா வணக்கம். சுத்தி வளைக்காம சொல்லிடுறோம், காசு கேட்டுத்தான் வந்திருக்கோம். நம்ம கோர்ட் தரையை ஒடச்சு புதுசா போடணும்.

லீவுக்கு ஊருக்கு வந்தவங்க பாத்திருப்பீங்க, நடு வட்டத்துக்கு பக்கத்துல சிமெண்ட் வெடிச்சு பள்ளமாகி மழை பேஞ்சா மூணு நாளைக்கு தண்ணி அப்படியே நிக்குது, பசங்க விளக்கமாத்தால தள்ளிட்டு ஆடுறாங்க. கிழக்கால ரிங்கை டேப் வச்சு அளந்தோம், 3.05 மீட்டர் இருக்கணும், நாலு விரக்கடை கம்மியா தொங்குது (அந்த ரிங்ல எகிறி பந்தை உள்ள திணிச்சு டங்க் அடிச்சேன்னு ஊருக்குள்ள சொல்லிட்டு திரியிறவங்க கொஞ்சம் யோசிச்சுக்கங்க). இதுல எங்க தப்பும் இருக்கு, ஒளிக்க விரும்பல. போன தடவை செலவை மிச்சம் பிடிக்கிறோம்னு நாங்களே கயிறு கட்டி சாதா எனாமல் பெயிண்ட்ல கோடு அடிச்சோம், காலையில பனி விழுந்தா கண்ணாடி மாதிரி வழுக்குது, ஒரு பையன் லே-அப் போடப் போயி முட்டியை பேத்துக்கிட்டான்.

அதவிட பெரிய கொடுமை அந்த கோடே பழைய கோடு. பாஸ்கெட்பாலுக்கு உலக அளவுல ரூல் போடுற ஃபீபா 2010லயே ரூல மாத்திடுச்சு, வெளிய நின்னு போட்டா மூணு பாயிண்ட் கிடைக்கிற த்ரீ பாயிண்ட் கோடு ரிங்குல இருந்து 6.25 மீட்டர்னு இருந்தது 6.75க்கு போயிடுச்சு, ரிங்குக்கு அடியில கீழ அகலமா மேல குறுகலா இருந்த கட்டம் நேரான செவ்வகம் ஆயிடுச்சு. நாங்க பழைய அச்சு மேலயே பெயிண்ட் அடிச்சதால நம்ம பசங்க இன்னும் பழைய தூரத்துலயே போட்டு பழகுறாங்க, அப்புறம் மாவட்ட மேட்ச்சுக்கு போனா நல்லா போடுற பயலோட ஷாட் கூட ரிங்குக்கு முன்னாடியே விழுது. அரை மீட்டர்தானேன்னு தோணும், ஆனா பழகின கைக்கு அது வேற தூரம். இதுக்கு கோச்சை திட்டி என்ன பிரயோஜனம்.

இதெல்லாம் எங்கிருந்து வந்துச்சுன்னு இப்ப ஆடுற பிள்ளைகளுக்கு தெரியறதில்ல, அதனால கொஞ்சம் சொல்லிக்கிறோம். 1891ல அமெரிக்காவுல ஸ்பிரிங்ஃபீல்டுன்ற ஊர்ல ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில ஜேம்ஸ் நெய்ஸ்மித்னு ஒரு வாத்தியார், குளிர்காலத்துல உள்ள ஆட ஒரு ஆட்டம் வேணும்னு பழக்கூடையை மாட்டி ஆரம்பிச்சது இது. அதே ஸ்பிரிங்ஃபீல்டுல படிச்ச ஹாரி க்ரோ பக் மெட்ராசுக்கு வந்து 1920ல உடற்கல்விக்குன்னு ஒரு பள்ளியை தொடங்கினார், இன்னைக்கு நந்தனத்துல இருக்குற ஒய்.எம்.சி.ஏ. காலேஜ் அதுதான். அங்க படிச்ச பி.டி. வாத்தியாருங்கதான் இந்த ஆட்டத்தை நம்ம மாதிரி ஊர் பள்ளிக்கூடங்களுக்கு எல்லாம் கொண்டு போனாங்க. நம்ம கிளப்பை ஆரம்பிச்ச சாரும் அந்த வழியில வந்தவர்தான். செம்மண் தரை, சாயங்காலம் தண்ணி தெளிச்சு சுண்ணாம்புல கோடு, ரெண்டு மரக்கம்பத்துல பலகை, அவ்ளோதான் கிளப்பு. அப்ப ஆடின அண்ணன்மாருக்கு த்ரீ பாயிண்ட்டே கிடையாது, 1984க்கு அப்புறம்தான் அது ரூல்லயே வந்துச்சு, எங்கிருந்து போட்டாலும் ரெண்டுதான், அதான் அவங்க இன்னைக்கும் "நாங்கெல்லாம் உள்ள பூந்து போடுவோம்டா"ன்னு பேசுறாங்க.

மே மாசம் வந்தா பெரியகுளம். சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்துற அகில இந்திய டோர்னமெண்ட்டை பாக்க வேன் புடிச்சு போவோம், வேன் கிடைக்கலேன்னா கடைசி பஸ்ஸுல போயி விடியக்காலை பஸ்ஸுல திரும்புறது. அரை நூற்றாண்டுக்கு மேல நடக்குற டோர்னமெண்ட் அது. ஐ.ஓ.பி., இந்தியன் பேங்க், ஐ.சி.எஃப்., இந்த மாதிரி டீம் எல்லாம் லைட்டுக்கு அடியில ஆடுறத கேலரியில உக்காந்து பாத்துதான் நம்மாளுங்களுக்கு ஒரு விஷயம் உறைச்சுச்சு, பந்து ஆடினா வேலை கிடைக்கும். அந்த ஜெர்சி போட்டவங்க பகல்ல பேங்க்லயும் ரயில்வேலயும் கையெழுத்து போடுறவங்க. அதுக்கப்புறம்தான் நம்ம வீடுகள்ல "பந்து சோறு போடுமா"ன்னு கேக்குறது கொறைஞ்சுச்சு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் சீட்டு வாங்கினவங்க, வேலைக்கு போனவங்க, அதை வச்சு தங்கச்சிக்கு கல்யாணம் பண்ணினவங்க எல்லாரும் இதப் படிச்சிட்டு இருப்பீங்க. பேர் போடல, உங்களுக்கே தெரியும்.

இப்ப சீனியர் டீம், ஜூனியர் பசங்க, அப்புறம் பொண்ணுங்க டீம். பொண்ணுங்க டீம ரொம்ப லேட்டா ஆரம்பிச்சோம், அதுக்கு ஒரு சாக்கும் சொல்ல முடியாது. சென்னையில இருந்து போன அனிதா பால்துரை இந்தியா டீமுக்கு கேப்டனா ஆடி 2021ல பத்மஸ்ரீ வாங்கினாங்க, நாம இங்க ஒரு சைஸ் ஆறு பந்து வாங்கி வைக்காம பொண்ணுங்க கையில ஆம்பளைங்க ஆடுற ஏழாம் நம்பர் பந்தை குடுத்துட்டு இருந்தோம். இப்ப பந்து வாங்கியாச்சு, ஆனா இருட்டினதும் அம்மாமாருங்க வந்து கூட்டிட்டு போயிடுறாங்க, லைட்டு ஒரு பக்கம்தான் எரியுது, அவங்களை குத்தம் சொல்ல முடியாது. சின்னப் பிள்ளைகளுக்கு 2.60 மீட்டர் ஒசரத்துல தனி ரிங் ஒண்ணும் ஓரத்துல வைக்கணும்னு ஆசை, பெரிய ரிங்குக்கு எறிஞ்சு எறிஞ்சு தோள்பட்டையை கெடுத்துக்குதுங்க.

சரி கணக்குக்கு வருவோம். கோர்ட் 28 மீட்டர் நீளம் 15 மீட்டர் அகலம், சதுரடியில சொன்னா ஏறக்குறைய 4,520. மூணு இடத்துல கொட்டேஷன் வாங்கிப் பாத்தோம், பழசை ஒடச்சு கான்கிரீட் போட்டு, வாட்டம் பாத்து, அக்ரிலிக் கோட்டிங் குடுத்து, புது அளவுல கோடு போட சதுரடிக்கு சுமார் 100 ரூபாய் ஆகுது. அதனால நாங்க யோசிச்சது ஆளுக்கு பத்து சதுரடி, ஆயிரம் ரூபாய். 452 பேர் வந்தா தரை முடிஞ்சுது. முடிஞ்சவங்க ரெண்டு பங்கு மூணு பங்கு எடுத்துக்கங்க, முடியாதவங்க நூறு ரூபாய் குடுத்தாலும் அது ஒரு சதுரடி. காசு வேணாம் ஆளா வரேன்னு சொன்னா இன்னும் சந்தோஷம், பழைய தரையை ஒடைக்கிற ரெண்டு நாளைக்கு கை நிறைய வேணும், சாப்பாடு கமிட்டி செலவு. ரிங்கும் லைட்டும் இந்தக் கணக்குல வரல, அதுக்கு தனியா பாத்துக்கிறோம், ரெண்டையும் கலந்து குழப்ப வேணாம்னுதான்.

ரசீது இல்லாம யார்கிட்டயும் காசு குடுக்காதீங்க, கமிட்டி ஆளே கேட்டாலும். வரவு செலவு வாராவாரம் கோர்ட் வாசல்ல போர்டுல ஒட்டுவோம், போட்டோ எடுத்து குரூப்புலயும் போடுவோம். ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ஞ்சு தரை காய்ஞ்ச பிறகுதான் வேலையை தொடங்க முடியும், கான்கிரீட் போட்டு 28 நாள் ஊறணும், அதுக்கு மேலதான் கோட்டிங், அவசரப்பட்டா உப்பிக்கிட்டு வந்துடும்னு சொல்றாங்க. தை பொறந்ததும் ஆரம்பிச்சா மே லீவுக்கு நீங்க வரும்போது ஆடலாம்.

இன்னொரு விஷயம், காசு சம்பந்தப்பட்டது இல்ல. சார் கையால எழுதின பழைய ஸ்கோர் நோட்டு, நீல அட்டை போட்டது, கிளப் ரூமுக்கு வெள்ளை அடிச்சப்ப காணாம போச்சு. யார் வீட்டு பரண்லயாவது கெடந்தா கொண்டு வந்து குடுத்துடுங்க, எப்படி அங்க வந்துச்சுன்னு யாரும் கேக்க மாட்டோம்.