ரெட் ஒயினுக்கு கலர பாத்து மார்க் போடாதீங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கெழம இணைப்புல நல்ல ரெட் ஒயின எப்டி கண்டுபுடிக்கறதுன்னு ஒரு கட்டுர போட்டிருந்தீங்க, படிச்சேன். கலரு நல்லா கருப்பா இருந்தா தரம், வெளுத்து இருந்தா தண்ணி கலந்தது, நாக்குல புளிச்சா கெட்டுப்போச்சு, கிளாஸ சுத்துனா ஓரத்துல கோடு கோடா எறங்கணும், இப்டில்லாம் எழுதி, ஒவ்வொண்ணுக்கும் மார்க் போட ஒரு அட்டவணயும் கொடுத்திருக்காங்க. இத்த நம்பிக்கினு போற ஒருத்தன் கையில வெளிநாட்டுலேந்து யாரோ வாங்கினு வந்த, குளுரு ஊருல செஞ்ச வெளுத்த ரெட்டு, பிரான்ஸ் பர்கண்டியோ, பினோ நுவார்ங்கற திராட்ச ரகத்துல செஞ்ச கனடா நயாகரா ஒயினோ கெடச்சா இன்னா பண்ணுவான், ஏமாத்திட்டானுங்கன்னு சிங்க்ல ஊத்திடுவான். அதான் எழுதறேன். யாரையும் குடிக்க சொல்லி எழுதல, அது அவங்கவங்க வீட்டு விசயம்.

நான் ராயபுரத்துக்காரன். சொந்தக்காரங்க கனடால இருந்ததால அங்க போயி ஒண்டாரியோ மாகாணத்துல நயாகரா பக்கம் ஒரு சின்ன ஒயினரில, ஒயின் செய்யற கெடங்குல, செல்லார் வேல பாத்துட்டு வந்தவன். நயாகரான்னா நம்ம ஆளுங்களுக்கு அருவி மட்டுந்தான். அருவிக்கு தள்ளி, ஏரிக்கும் நீட்டமா போற ஒரு மலமேட்டுக்கும் நடுவுல பூரா திராட்சத் தோட்டம் தான்.

குளுர்னா குளுரு. மைனஸ் 20 தாண்டி போச்சுன்னா கொடில இருக்கற மொட்டு செத்துரும், அடுத்த வருச காய்ப்பு காலி. ஏரி தான் காப்பாத்துது சார், கோடைல வாங்கி வெச்ச சூட்ட குளிர்காலத்துல மெதுவா வுட்டுக்கினே இருக்கும், ஏப்ரல்ல பாத்தா தண்ணி சில்லுன்னு இருக்கறதால கொடி அவசரப்பட்டு துளிர் வுடாது, அதனால கடசி பனில கருகாம தப்பிக்கும். அப்பயும் பயம் போவாது, தோட்டத்துக்கு நடுவுல கம்பத்து மேல பெரிய ஃபேன் வெச்சிருப்பாங்க, பனி எறங்கற ராத்திரில அத்த ஓட வுட்டு மேல நிக்கற கதகதப்பான காத்த கீழ இஸ்துக்கினு வருவாங்க, அந்த சத்தத்துல ஒருத்தனும் தூங்க முடியாது.

இப்ப விசயத்துக்கு வரேன். வெயிலு கம்மின்னா பழத்துல சக்கர மெதுவா ஏறும், புளிப்பு மெதுவா எறங்கும். திராட்சைல முக்கியமா ரெண்டு புளிப்பு, டார்டாரிக், மாலிக். பச்ச ஆப்பிள்ல இருக்கறது மாலிக், சூட்டு ஊருல பழம் பழுக்கறப்பவே அத்த எரிச்சு தீத்துரும், குளுரு ஊருல அப்டியே தங்கிரும். சூட்டு ஊரு ஒயின்ல 14, 15 சதவீதம் ஆல்கஹால் தானா வந்து நிக்கும், நயாகரால 12, 12.5 வந்தாலே சந்தோஷம், ஏன்னா 1 சதவீதத்துக்கு லிட்டருக்கு சுமார் 17 கிராம் சக்கர வேணும். பத்தலன்னா சாறுல சக்கர போடறதும் உண்டு, ஷாப்டால்னு ஒரு பிரெஞ்சு கெமிஸ்ட் 1801ல இத்த பத்தி எழுதி பரப்பி வுட்டாரு, அவரு பேராலயே ஷாப்டலைசேஷன்னு சொல்றாங்க. ஜெர்மனில பிரெடிகாட்ஸ்வைன்னு ஒசத்தி தர லேபிள் ஒட்டி விக்கறதுக்கு மட்டும் சக்கர போடவே கூடாது, கறாரு.

கலரு எங்கேந்து வருதுன்னு உங்க கட்டுரைல ஒரு வார்த்த கூட இல்ல. கருப்பு திராட்சய புழிஞ்சு பாருங்க, பெரும்பாலும் சாறு வெள்ளையா தான் வரும், கலரு பூரா தோலுல. அதனால தான் ரெட் ஒயின தோலோட போட்டு நொதிக்க வுடறாங்க. ரெண்டாம் நாளு மூணாம் நாளு பொங்க ஆரம்பிக்கும், கேஸு தள்ளி தோலெல்லாம் மேல வந்து தடியா ஒரு மூடி மாதிரி நிக்கும், அத்த காலைல சாயங்காலம் கட்டைய வெச்சு அழுத்தி உள்ள முக்கணும். முக்கலன்னா மேல காஞ்சு வினிகர் வாசன புடிச்சுரும். தொட்டிக்குள்ள தலைய மட்டும் வுடக்கூடாது, கார்பன் டை ஆக்சைடு, ஆள சாச்சுரும். முதல்ல கட்ட எறங்கவே எறங்காது, முழு எடையும் போட்டு நிக்கணும், அப்பறம் பொலக்குன்னு உள்ள போயி சூடா நொர பொங்கி மணிக்கட்டு வரைக்கும் ஏறும். சீசன் முடியற வரைக்கும் நகக்கண்ணு கருப்பு போவாது. அவ்ளோ கருப்பு கையில ஒட்டினாலும் பினோ நுவார் ஒயின் கிளாஸ்ல பாத்தா அந்தாண்ட இருக்கற விரலு தெரியும்! தோலு மெலிசு, அதுல சாயம் கம்மி, அவ்ளோ தான் கத. தண்ணி ஒண்ணியும் கலக்கல. கலரு பத்தலன்னு இன்னும் போட்டு அழுத்துனா வெதயிலேந்து கசப்பும் தொவர்ப்பும் தான் எறங்கும், நல்ல ஒயின் மேக்கர் அங்க கைய கட்டிக்கினு நிப்பாரு.

ரசத்த பாத்து சாம்பார் மாதிரி கெட்டியா இல்லயேன்னு மார்க் கொறைக்கற ஆளு உண்டா? அந்த வேல தான் உங்க கட்டுர பண்ணுது.

புளிப்புக்கும் அங்க வழி வெச்சிருக்காங்க. நொதிச்சு முடிஞ்சதும் ஈனோகாக்கஸ் ஈனின்னு ஒரு பாக்டீரியாவ வேல செய்ய வுடுவாங்க, அது முரட்டு மாலிக்க லாக்டிக்கா மாத்திரும், தயிர்ல இருக்குதே அது. புளிப்பு சாந்தமாயிடும், ஆனா போயிடாது, போவவும் கூடாது. குளுரு ஊரு ரெட்டுக்கு அந்த புளிப்பு தான் முதுகெலும்பு, சாப்பாட்டோட வெச்சா வாய கழுவி வுட்டு அடுத்த வாய்க்கு கூப்புடும். கெட்டுப்போன ஒயினுக்கு வர்றது வினிகர் புளிப்பு, மூக்குலயே ஏறும், நெயில் பாலிஷ் வாடையும் சேந்து வரும். ரெண்டும் வேற வேற சார், இத்த போயி ஒண்ணாக்கிட்டாரே.

குளுரு ஊருல நெஜமாவே நடக்கற தப்ப பத்தி எழுதியிருந்தா நானே கைதட்டியிருப்பேன். கேபர்னே ஃபிராங்க்னு ஒரு திராட்ச ரகம், பேர்போன கேபர்னே சாவினியோன் ரகத்துக்கு அப்பா அம்மால ஒண்ணு, அது சரியா பழுக்கலன்னா குடமிளகா வாசன அடிக்கும், பைரசின்னு ஒரு சங்கதியால. லேசா இருந்தா அழகு, தூக்கலா இருந்தா பச்ச காய கடிச்ச கணக்கா போவும். காய் புடிச்ச புதுசுலயே கொத்த சுத்தி இருக்கற எலைய கிள்ளி வெயிலு பட வுட்டா கொறையும். எந்த தோட்டக்காரன் எல கிள்ள சோம்பேறிப்பட்டான்னு கிளாஸ்லயே தெரிஞ்சுரும். மார்க் கொறைக்கணும்னா இங்க கொறைங்க.

மார்க்குன்னதும் சொல்றேன். 2001ல பிரான்ஸ்ல போர்டோ யூனிவர்சிட்டில ஒயின் பத்தி படிக்கற 54 பசங்களுக்கு ஒரு வெள்ள ஒயின்ல வாசன இல்லாத செவப்பு சாயம் கலந்து கொடுத்தாங்க, பசங்க செவப்பு ஒயினுக்கு சொல்ற வாசனையெல்லாம் அதுல இருக்குதுன்னு எழுதி வெச்சாங்க. கண்ணு மூக்க ஏமாத்துது. கலிபோர்னியால ஹாட்ஜ்சன்னு ஒருத்தரு, சொந்தமா ஒயினரி வெச்சிருந்தவரு, அங்க ஸ்டேட் ஃபேர் போட்டில ஒரே பாட்டில் ஒயின ஒரே ஜட்ஜுக்கு மூணு தடவ தெரியாம கொடுத்து பாத்தாரு, பத்துல ஒரு ஜட்ஜு தான் கிட்டத்தட்ட ஒரே மார்க்க திரும்ப போட்டாரு, 2008ல அத்த வெளியிட்டாரு. பழக்கப்பட்ட ஜட்ஜுங்க நெலமையே இப்டின்னா, கலரு கருப்பு பத்துக்கு பத்துன்னு அட்டவண போட்டு கொடுத்தா ஜனங்க கதி இன்னா ஆவும்.

அதுவும் வரிசையில ஷிராஸ்னு ஒரு கருப்பு, கெட்டி ரெட்ட குடிச்ச பின்னாடி பினோவ கொடுத்தா அது செத்த மாதிரி தான் இருக்கும், அதனால தான் ஒழுங்கான போட்டில ரகம் ரகமா பிரிச்சு, லேபிள மறைச்சு, மெலிசு முதல்ல கெட்டி பின்னாடின்னு வெக்கறாங்க. கோடு எறங்கற கத சும்மா, ஆல்கஹால் ஆவியாவறதால வர்றது, தரத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

நம்ம ஊருல ஏன் இப்டி நெனப்பு வந்துச்சுன்னும் புரியுது. பெரம்பூர், ராயபுரம் பக்கம் ஆங்கிலோ இந்தியன் வீட்டு பாட்டிங்க கிறிஸ்மஸுக்கு ஜாடில போட்ட ஒயின் தான் நமக்கு ஒயினு, பன்னீர் திராட்ச, சக்கர, ஒரு கையி கோதும, இனிப்பா கருஞ்செவப்பா தொண்டைல எறங்கும். அது அதுக்கு சோக்கா தான் இருக்கும், குத்தம் சொல்லல. 2023ல புவிசார் குறியீடு வாங்கின அந்த கம்பம் பன்னீர் திராட்சைக்கு தூங்கறதுக்கு குளிர்காலமே கெடையாது, வருசம் பூரா எங்கயாவது அறுத்துக்கினே இருப்பாங்க. ஆறு மாசம் மொட்டையா நிக்கற கொடியோட பழத்த அந்த அளவுகோலால அளந்தா எப்டி?

ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்னு வேற போட்டிருக்கீங்க. எந்த ரூமு சார்? மே மாசம் காசிமேட்டுல கரண்ட் போன ரூமா? இந்த மாதிரி மெலிசு ரெட்டு 14லேந்து 16 டிகிரில இருந்தா தான் பழ வாசன எழும்பும், 32 டிகிரில வெறும் ஸ்பிரிட் நெடி தான் வரும். ஃபிரிட்ஜ்ல ரெண்டு மணி நேரம் போல வெச்சு எடுத்தா போதும். அடியில கண்ணாடித் தூள் கணக்கா பளபளன்னு கெடந்தா பதறி தூக்கி போடாதீங்க, அது டார்டாரிக் உப்பு, குளுருல படிஞ்சது, ஒண்ணும் பண்ணாது.

எழுதனவரு மேல கோவம் இல்ல. கலருக்கு போட்ட மார்க்க எடுத்துட்டு, வாசனைக்கும் புளிப்பு தொவர்ப்பு ரெண்டும் ஒத்து போவுதான்னு பாக்கறதுக்கும் பிரிச்சு கொடுத்து, அந்த அட்டவணய வர்ற ஞாயித்துக்கெழமையே திருத்தி போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
ராயபுரம், சென்னை-13