லாஸ் ஏஞ்சலஸிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம், உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். இன்ன தேதியில் கலிபோர்னியாவில் பெரிய நிலநடுக்கம் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துவிட்டு அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நாள் குறித்துச் சொல்லும் வித்தை உலகில் யாரிடமும் இல்லை என்று முதலில் அவரிடம் சொல்லுங்கள். என்றைக்கு வேண்டுமானாலும் வரலாம் என்பதால்தான் இங்கே என் அலமாரியைச் சுவரோடு பட்டை போட்டு இறுக்கியிருக்கிறேன். சிதறிய கண்ணாடியில் கால் வைத்துவிடாமல் இருக்கக் கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடி காலணியும் டார்ச் விளக்கும் எப்போதும் இருக்கின்றன.

அப்படியானால் உன் வேலைதான் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வித்தாள் கட்டின் அரக்கு முத்திரையைப் பிள்ளைகளின் கண்முன்னே உடைத்த உங்களுக்கு அதைச் சொல்வது எளிது: எங்கே எத்தனை நிலநடுக்கம் எதிர்பார்க்கலாம் என்ற கணிப்புகளை முன்கூட்டியே எழுதி வாங்கி, பிறகு நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. பூமி அதிர்ந்த பிறகு பழைய பதிவுகளைப் புரட்டி, அறிகுறி முன்பே இருந்தது என்று சொல்வது விடையைப் பார்த்துத் தேர்வு எழுதுவதற்குச் சமம். கலிபோர்னியாவில் உள்ள பார்க்ஃபீல்ட் என்ற ஊரில் 1993க்குள் அளவு 6 அதிர்வு வரும் என்று 1985இல் வெளிப்படையாக அறிவித்து, கருவிகளை நட்டுக் காத்திருந்தார்கள். அது 2004 செப்டம்பர் 28 அன்றுதான் வந்தது. முன்கூட்டியே எழுதி வைத்ததால்தான் தவறு என்று தெரிந்தது. அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

2006 முதல் 2010 வரை நடந்த சோதனையில் கலிபோர்னியாவைப் பக்கத்துக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் கொண்ட 7,682 கட்டங்களாகப் பிரித்தார்கள். ஐந்து ஆண்டுகளில் ஒவ்வொரு கட்டத்திலும் அளவு 4.95க்குக் குறையாத அதிர்வுகள் எத்தனை எதிர்பார்க்கலாம் என்று ஒவ்வொரு குழுவும் முன்னதாகவே எண்ணாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பின் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. உண்மையில் வந்த அதிர்வுகள் 31. சிறு அதிர்வுகள் அடிக்கடி வரும் இடங்களிலேயே பெரியவையும் வர வாய்ப்பு அதிகம் என்ற எளிய கருத்தில் அமைந்த கணிப்பு முன்னணியில் நின்றது.

ஆனால் ஒரே நாட்டில் பெரிய நிலநடுக்கங்களுக்காகக் காத்திருந்தால் தலைமுறைகள் கழிந்துவிடும். அதனால்தான் நிலநடுக்கக் கணிப்புகளைச் சோதிக்க 2007இல் தொடங்கிய சிசெப் என்னும் பன்னாட்டுக் கூட்டுமுயற்சியில் இந்த நகரத்தோடு சூரிச், டோக்கியோ, வெலிங்டன் ஆகிய இடங்களிலும் சோதனை மையங்கள் அமைந்தன. கணித்தவரே மதிப்பெண் போட்டுக்கொள்வதில்லை. எல்லாக் கணிப்புகளுக்கும் ஒரே தரவு, ஒரே அளவுகோல். கணிப்பு எழுதியவர் எத்தனை பெரிய பேராசிரியராக இருந்தாலும் எண்கள் பொருந்தாவிட்டால் பொருந்தவில்லை என்றே பதிவாகும். இங்கே காலை 7 மணிக்கு நான் டீயோடு கூட்டத்தில் உட்காரும்போது, இந்தக் கோடையில் சூரிச்சில் மாலை 4, டோக்கியோவில் இரவு 11. உறக்கம் கெட்டாலும் ஒருவரும் முகம் சுளிப்பதில்லை.

வாட்ஸ்அப்பில் வந்த அந்தத் தேதியை அம்மாவைக் காலண்டரில் வட்டமிட்டு வைக்கச் சொல்லுங்கள். அன்று மாலை நானே கூப்பிடுகிறேன்.

உங்கள் அன்பு மகள்