பத்தாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்ங்க.

பொதுத்தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். "ரெண்டு மாசம் சும்மாதானே இருக்கப்போறா, லீவுக்கு மட்டும் பனியன் கம்பெனிக்குப் போகட்டும், நோட்டுப் புத்தகம் வாங்கவாச்சும் ஆகும்" என்ற பேச்சு இப்போது பல வீடுகளில் நடந்துகொண்டிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். அனுப்பாதீர்கள்.

உங்கள் கஷ்டம் தெரியாமல் சொல்லவில்லை. லைன் வீட்டு வாடகை, குழுக்கடன் வாரத் தவணை, ஆர்டர் இல்லாத மாதத்தில் பாதி நாள் வேலை, எல்லாம் தெரியும். ஆனால் நடப்பதையும் வருடாவருடம் பார்க்கிறேன். பிசிறு வெட்டப் போன பெண் அடுத்த மாதம் டைலருக்குக் கைமடி, அதாவது உதவியாள் ஆகிறாள். சனிக்கிழமை தோறும் அவள் சம்பளம் கைக்கு வருகிறது. நாலு வாரத்தில் அது குடும்பக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அதை நம்பி ஒரு தவணையும் எடுத்துவிடுகிறோம். ஜூனில் பள்ளி திறக்கும்போது அந்தப் பணத்தை நிறுத்த யாருக்கும் மனம் வருவதில்லை. படிப்பு வேண்டாம் என்று எந்த அப்பாவும் முடிவெடுப்பதில்லை, முடிவெடுக்காமலே நின்றுபோகிறது.

போன வருடம் ஒரு அம்மா டிசி கேட்டு வந்தார். நைட் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. "நானும் எட்டாவதோட மில்லுக்குப் போனவதானுங்க டீச்சர், எனக்கென்ன கெட்டுப்போச்சு" என்றார். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தேன். பேசிக்கொண்டே இருந்தவர், சம்பளச் சீட்டில் என்ன பிடிக்கிறார்கள் என்று இன்றுவரை தனக்குப் புரிந்ததில்லை என்று தானாகவே சொன்னார். டிசி வாங்காமல் போனார். அவர் மகள் இப்போது நம் பள்ளியில்தான் படிக்கிறாள்.

பஞ்சாலைகளுக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்டுகள் வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஹாஸ்டலில் தங்கி மூன்று வருடம் வேலை செய்தால், முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று நம் பக்கத்தில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். உடம்புக்கு முடியாமல் நடுவில் திரும்பிய பெண்கள் பலருக்கு அந்தத் தொகை கைக்கு வரவே இல்லை.

கல்யாணத்துக்குப் பணம் என்ற எண்ணத்தை அரசே மாற்றிக்கொண்டது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு தாலிக்குத் தங்கமும் திருமண உதவித் தொகையும் கொடுத்தார்கள். 2022 முதல் அதே அம்மையார் பெயரில் படிப்புக்குக் கொடுக்கிறார்கள். அதுதான் புதுமைப் பெண் திட்டம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரி சேர்ந்தால், படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே விழும். மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும் 6 முதல் 12 வரை என்பதுதான் கணக்கு. ஐந்து வருடம் இங்கே படித்து முடித்துவிட்டாள், இன்னும் இரண்டே வருடம். இப்போது நிறுத்தினால் அந்த உரிமையும் போய்விடும். தங்கை எட்டாவது படிக்கிறாள் என்றால் தேசிய வருவாய் வழித் திறன் தேர்வு எழுத வையுங்கள். தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய் கிடைக்கும்.

ஒரு பாடத்தில் மார்க் போய்விட்டால் உடனே "இவளுக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்லிவிடாதீர்கள். துணைத்தேர்வு உண்டு, அதில் பாஸ் செய்து இதே வருடம் பதினொன்றில் சேரலாம். பணம் கட்டுவது, விண்ணப்பிப்பது எல்லாம் பள்ளியிலேயே செய்து தருகிறோம். பாடம் சொல்லித்தர கணக்கு டீச்சரும் அறிவியல் டீச்சரும் லீவிலும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இப்படி ஆசிரியர்கள் கிடைத்திருப்பது நம் ஊர்ப் பிள்ளைகளின் நல்ல காலம்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ஊரில் குடிதண்ணீர் வருகிற நாளில் வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் பெண்பிள்ளைகள் பகுதியில்தான் ஆப்சென்ட் அதிகம். தண்ணீர் பிடிக்க, தம்பியைப் பார்த்துக்கொள்ள, ஒறம்பரை (விருந்தாளிகள்) வந்தால் சமைக்க என்று அவளையே நிறுத்துகிறோம். அண்ணன் தம்பிகளும் குடம் தூக்கட்டும். அப்பாவும் தூக்கலாம்ங்க.

பதினெட்டுக்கு முன்னால் கல்யாணம் செய்து வைப்பது சட்டப்படி குற்றம், அது உங்களுக்கே தெரியும். அப்படி ஏதாவது காதில் விழுந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களுக்கு எழுத்தறிவுத் திட்ட வகுப்பு மாலையில் நம் பள்ளியிலேயே நடக்கிறது. பாட்டிகளும் வருகிறார்கள், நீங்களும் வாங்க.

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு மார்க் சீட்டும் ஆதாரும் போதும். சாதிச் சான்றிதழ் கைவசம் இல்லையென்றாலும் வந்துவிடுங்கள், பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஷிப்ட் முடிந்து வர நேரமாகும் என்பவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை காலையிலும் ஆபீஸ் ரூமில் இருப்பேன். வேலைக்கென்று அட்வான்ஸ் வாங்கியாச்சு, என்ன செய்வது என்று தவிப்பவர்களும் தயங்காமல் வாங்க, உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
தலைமையாசிரியை