கன்னிமாராவின் எழுத்தர்களையும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

கன்னிமாரா நூலகம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 1890-இல் அடிக்கல், 1896 டிசம்பர் 5-இல் திறப்பு, ஆளுநர் பெயர், கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வின், வண்ணக் கண்ணாடி என்று எல்லாம் சரி. ஆனால் அந்த அலமாரிகளில் இருக்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் எண் போட்டவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

1954-இல் வந்த சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் எல்லாப் புத்தகத்திலும் ஒரு பிரதி அங்கே போக வேண்டும். சட்டம் போடுவது ஒரு நாள் வேலை. கட்டுக் கட்டாக வந்து இறங்குவதைப் பிரித்து, பதிவேட்டில் ஏற்றி, முத்திரை குத்தி, பட்டியல் அட்டை எழுதி அடுக்குவதோ வருஷம் முழுக்க நடக்கும் வேலை. கணினி வருவதற்கு முன் அத்தனையும் கைவேலைதான்.

எங்கள் வண்ணாரப்பேட்டைப் பக்கத்துக் கிளை நூலகத்தில் அந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். புதுப் புத்தகம் வந்தால் எழுத்தர் முதலில் பதிவு எண்ணைத் தலைப்புப் பக்கத்தில் எழுதுவார். அப்புறம் உள்ளே, எந்தப் புத்தகமானாலும் இந்தப் பக்கம்தான் என்று முடிவுசெய்து வைத்திருக்கும் ஒரு பக்கத்திலும் அதே பதிவு எண்ணைச் சின்னதாக எழுதிவைப்பார். முன்பக்கத்தைக் கிழித்துவிட்டு "இது என்னுடையது" என்று எவனாவது சொன்னால், அவர் பேசாமல் அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டுவார். தவணைத் தேதிச் சீட்டில் முத்திரை எப்போதும் கோணலாகத்தான் விழும், அது வேறு விஷயம்.

நூலகச் சட்டம் 1948-இலேயே வந்த மாநிலம் நம்முடையது. அதற்காக உழைத்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனை எல்லோரும் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் கொடுக்கும் அவருடைய கோலன் பகுப்பு முறையைக் கற்றுக்கொண்டு, புத்தக முதுகில் ஒட்டும் சீட்டில் அந்த எண்ணைப் பிழையில்லாமல் எழுதியவர்கள் இந்தச் சம்பளக்காரர்கள். அவர்கள் கையெழுத்து பழைய பதிவேடுகளில் இன்னும் இருக்கும். எல்லாம் கணினியில் ஏறியாகிவிட்டது என்று அவற்றைப் பழைய பேப்பர் கடைக்கு எடை போட்டுவிட்டால், நூலகத்தின் வரலாற்றில் பாதி போய்விடும். பதிவேடுகளை ஸ்கேன் செய்து வைக்கச் சொல்லி உங்கள் இதழ் எழுதலாம்.

ராயபுரம், பெரம்பூர் பக்கம் ஓய்வுபெற்ற நூலக ஊழியர்கள் சிலர் இருக்கிறார்கள். கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். நிருபரை அனுப்புவதானால் சாயங்காலமாக அனுப்புங்கள், மத்தியானத்தில் தூங்கிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21